திறந்த கதவு

ஜெர்மனியில் தேவாலயங்களுக்குச் செல்வோரின் எண்ணிக்கை குறைந்து வருகிறது. 2022ஆம் ஆண்டில் மட்டும் 500,000க்கும் மேற்பட்டோர் கத்தோலிக்கத் திருச்சபையிலிருந்து விலகினர். வருமான வரியோடு சேர்த்துப் பிடிக்கப்படும் திருச்சபை வரியும் பாதிரியார்கள் சிலரின் குற்றங்களும் இதற்குக் காரணங்களாகும். ‘இனி அங்குச் சமயம் தேவையில்லை’ என்று சிலர் கூறுகின்றனர். இக்கருத்தை என்னால் ஏற்க இயலவில்லை.

சமயத்தால் ஜெர்மனி பட்ட துன்பத்தை நான் மறுக்கவில்லை. 1517இல் மார்ட்டின் லூதர் தொடங்கிய சீர்திருத்தத்திற்குப் பின் கிறிஸ்துவர்கள் பிளவுபட்டனர். சமயப் பூசலில் தொடங்கிய முப்பதாண்டுப் போர் 1648இல்தான் ஓய்ந்தது. பல இலட்சம் பேர் மாண்டனர். எனவே, சமயத்தை விட்டு விலக விரும்புவோரைத் தடுக்கக் கூடாது.

ஆயினும், 1989இல் நடந்ததையும் எண்ணிப் பாருங்கள். கிழக்கு ஜெர்மனி மக்கள் அரசை எதிர்த்துப் பேச அஞ்சிய காலம் அது. லைப்சிக் நகரின் நிக்கோலாய் தேவாலயத்தில் திங்கள்தோறும் அமைதி வழிபாடு நடைபெற்றது. கடவுள் நம்பிக்கை இல்லாதவர்களும் அங்கு வரவேற்கப்பட்டனர். அக்டோபர் 9ஆம் நாள் ஏறத்தாழ 70,000 பேர் வீதியில் அமைதியாக நடந்தனர். பலர் கையில் மெழுகுவத்தி இருந்தது. ஒரு துப்பாக்கிகூட வெடிக்கவில்லை. ஒரே மாதத்தில் பெர்லின் சுவர் திறந்தது.

இன்றும் அந்நாட்டில் பல மருத்துவமனைகள், பாலர் பள்ளிகள், முதியோர் இல்லங்களைத் திருச்சபை அமைப்புகளே நடத்துகின்றன. ஆகவே, ஒரு சமயத்தை எடைபோட விரும்பினால், அது யாருக்கெல்லாம் கதவைத் திறக்கிறது என்பதைப் பார்க்க வேண்டும்.