மருந்தாளுநருக்கும் வேண்டும் சிறப்புத் தகுதிச் சான்று

இந்திய மருந்தியல் கவுன்சிலின் தலைவர் அவர்களுக்கு,

2008-இல் உங்கள் கவுன்சில் ஃபார்ம்.டி. படிப்புக்கான விதிகளை வெளியிட்டது. ஐந்தாண்டுப் படிப்பு, ஓராண்டு மருத்துவமனைப் பயிற்சி என ஆறு ஆண்டுகள். மருந்துக் கடை மேசைக்குப் பின்னால் நின்றிருந்த மருந்தாளுநரை நோயாளியின் கட்டிலருகே கொண்டுவந்து நிறுத்துவதே அதன் நோக்கம். 2015-இன் நடைமுறை விதிகள் நோயாளிக்கு ஆலோசனை சொல்வதையும் மருந்துச் சீட்டைச் சரிபார்ப்பதையும் மருந்தாளுநரின் கடமைகளாக்கின. 2021-இன் திருத்தத்தில் மருத்துவமனைகளுக்கான மருத்துவ மருந்தாளுநர் என்ற பதவியும் விதியில் ஏறியது. ஆனால் புற்றுநோய் வார்டிலேயே பத்தாண்டு உழைத்தவரும் நேற்றுப் பதிவு செய்துகொண்ட இளைஞரும் மாநிலப் பதிவேட்டில் இன்றும் ஒரே தட்டில்தான் இருக்கிறார்கள். ஒருவர் எந்தத் துறையில் தேர்ந்தவர் என்பதைச் சோதித்து, நாடு முழுவதும் ஏற்கும் சான்று தருவதற்கு நம்மிடம் ஏற்பாடு இல்லை. அதை உருவாக்கும்படி கேட்கவே இந்த மடல்.

பொதுவான மருந்தியல் அறிவு எல்லா வார்டுக்கும் போதாதா என்று கேட்கலாம். காசநோயும் எச்.ஐ.வி. தொற்றும் சேர்ந்து வந்த நோயாளியை எடுத்துக்கொள்வோம். காசநோய் மருந்தான ரிஃபாம்பிசின் கல்லீரல் நொதிகளைத் தூண்டி எச்.ஐ.வி. மருந்தான டோலுடெக்ராவிரின் அளவை இரத்தத்தில் குறைத்துவிடும். அதனால் தினம் ஒரு முறை கொடுக்கும் 50 மில்லிகிராமை இரு முறை கொடுக்க வேண்டியிருக்கிறது. அதே நோயாளி இரத்தம் உறைவதைத் தடுக்கும் வார்ஃபரினும் எடுப்பவராக இருந்தால் அந்தக் கணக்கும் மாறும். காசநோய் மருந்து முடிந்ததும் மறுபடி எல்லாவற்றையும் திருப்ப வேண்டும். திருப்ப மறந்தால் இரத்தக் கசிவு. வலிப்பு மருந்தான ஃபெனிடாயினில் சிக்கல் வேறு வகை. ஓரளவுக்கு மேல் அளவைச் சிறிது கூட்டினாலும் இரத்தத்தில் மருந்து விகிதத்தை மீறி ஏறிவிடும். இரத்தத்தில் அல்புமின் குறைந்தவர்களுக்கோ, ஆய்வக அறிக்கை இயல்பு என்று சொல்லும்போதே உடலில் நச்சு ஏறியிருக்கலாம். புற்றுநோய் மருந்தான வின்கிரிஸ்டின் சிரை வழியாக மட்டுமே செலுத்த வேண்டிய மருந்து. தவறி முதுகுத்தண்டு வழியாகப் போய்விட்டால் ஏறக்குறைய எப்போதும் உயிரைப் பறித்துவிடும். அதனால்தான் அதைச் சிரிஞ்சில் தராமல் சிறு திரவப் பையில் கலந்து தரும்படி உலக சுகாதார நிறுவனம் அறிவுறுத்துகிறது. இவற்றையெல்லாம் பாடப்புத்தகத்தில் ஒரு முறை படித்திருப்பது வேறு; நாள்தோறும் அந்த நோயாளிகளையே பார்த்து, புதிய வழிகாட்டல்களைத் தொடர்ந்து படித்து, அவசரத்திலும் தவறாமல் முடிவெடுப்பது வேறு.

இப்படிப்பட்டவர் வார்டில் இருந்தால் என்ன ஆகும் என்பதற்குப் பழைய, உறுதியான சான்று ஒன்று உண்டு. பாஸ்டனின் மாசசூசெட்ஸ் பொது மருத்துவமனையில் லூசியன் லீப்பும் அவருடைய குழுவினரும் செய்த ஆய்வு 1999-இல் அமெரிக்க மருத்துவச் சங்க இதழில் வெளிவந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவின் காலை ரவுண்ட்ஸில் ஒரு மருந்தாளுநரும் மருத்துவர்களோடு சேர்ந்து நடந்தார். மருந்து எழுதுவதில் நேரும் தவறால் வரும், தடுத்திருக்கக்கூடிய பாதிப்புகள் 1000 நோயாளி-நாட்களுக்கு 10.4-இலிருந்து 3.5 ஆகக் குறைந்தன. அவர் சொன்ன 366 பரிந்துரைகளில் 362-ஐ மருத்துவர்கள் ஏற்றார்கள். இந்த ஆய்வு காட்டுவது மருந்தாளுநரின் பங்கேற்பினால் வந்த பயனை. சான்றிதழின் பயனை அல்ல. இரண்டையும் குழப்பிச் சொன்னால் என் வாதமே பலவீனமாகும். ஆனால் அந்த 362 என்ற எண்ணுக்குள் ஒரு நிபந்தனை ஒளிந்திருக்கிறது. சொல்பவருக்கு விஷயம் தெரியும் என்று கேட்பவர் நம்பியிருக்கிறார். அந்த நம்பிக்கை ஒரு பிரிவில், பல மாதம் கூடவே பழகியதால் வளரலாம். ஆயிரம் மருத்துவமனைகளில், மாதந்தோறும் மாறும் பயிற்சி மருத்துவர்களிடம், பழக்கத்தை மட்டும் நம்பி அதை வளர்க்க முடியாது. அதற்கு வெளியிலிருந்து, சார்பில்லாத ஒரு சோதனை வேண்டும்.

அமெரிக்காவில் இந்த ஏற்பாடு 1976-இல், மருந்தியல் சிறப்புத் துறைகளுக்கான வாரியம் என்ற பெயரில் தொடங்கியது. அது 1978-இல் முதலில் ஏற்ற துறை அணுக்கரு மருந்தியல் என்பதை நீங்கள் கவனிக்க வேண்டும். ஸ்கேனுக்குப் பயன்படும் டெக்னீஷியம்-99எம் ஆறு மணி நேரத்தில் பாதியாகக் குறையும். அன்றன்றைக்குத் தயாரித்து, நேரக் கணக்கோடு அளந்து, கதிர்வீச்சிலிருந்து தன்னையும் காத்துக்கொண்டு செய்ய வேண்டிய வேலை அது. வேலையே தனித் துறையைக் கோரியது. பட்டம் பின்னால் வந்தது. ஊட்டச்சத்து ஆதரவு, மனநலம், புற்றுநோய், தீவிர சிகிச்சை, குழந்தைகள் நலம், தொற்றுநோய் ஆகிய துறைகள் ஒவ்வொன்றாகச் சேர்ந்ததும் அதே முறையில்தான். இப்படி ஒரு வேலை உண்மையில் இருக்கிறது, அதற்குத் தனி அறிவு வேண்டும், தேவை இருக்கிறது என்று மனு கொடுத்தவர்கள் நிரூபித்தாக வேண்டும். பணி உரிமம் மாநிலத்தினுடையது, எல்லோருக்கும் கட்டாயம். சிறப்புச் சான்று விருப்பத்தின்பேரில் பெறுவது. பணி அனுபவமோ உறைவிடப் பயிற்சியோ இல்லாமல் தேர்வு எழுத முடியாது. ஏழு ஆண்டுக்கு ஒரு முறை சான்றைப் புதுப்பிக்காவிட்டால் காலாவதியாகிவிடும். மருந்தறிவும் காலாவதியாகக்கூடியது என்பதை வெளிப்படையாக ஒப்புக்கொள்ளும் இந்த விதியையே அந்த ஏற்பாட்டின் மிகச் சிறந்த அம்சமாக நான் கருதுகிறேன்.

அந்தத் தேர்வை இந்தியாவில் பதிவு பெற்றவர்களும் எழுதலாம்; பிறகு நாம் ஏன் தனியாக ஒன்று உருவாக்க வேண்டும் என்று உங்கள் அலுவலகத்திலேயே யாராவது கேட்கக்கூடும். டாலரில் கட்ட வேண்டிய கட்டணம் ஒரு தடைதான். அதைவிடப் பெரிய தடை, அமெரிக்க மருத்துவமனைகளின் வேலையை ஆராய்ந்து வகுத்த வினாத்தாள் அது. பல மருந்துகளுக்கு எதிர்ப்புப் பெற்ற காசநோய், ஸ்க்ரப் டைஃபஸ், பாம்புக்கடி, கார்பபெனெமுக்கும் அசையாத கிருமிகளுக்கு கோலிஸ்டினின் முதல் அளவை நிர்ணயிப்பது என்று நம் வார்டுகளின் அன்றாடம் வேறு. நோய்க்கிருமி எதிர்ப்புத்திறனைப் பற்றி இந்திய மருத்துவச் சங்கங்கள் பல 2012-இல் சென்னையில் கூடி வகுத்த சென்னைப் பிரகடனத்தை நீங்கள் அறிவீர்கள். 2014-இல் ஆன்டிபயாட்டிக் விற்பனையைக் கட்டுப்படுத்தும் எச்1 அட்டவணை நடைமுறைக்கு வந்து கடை மட்டத்தில் ஒரு கடிவாளம் போட்டது. மருத்துவமனைக்குள் ஆன்டிபயாட்டிக் பயன்பாட்டை நாள்தோறும் கண்காணிக்கத் தேர்ந்த ஆள் வேண்டும். அவரை அடையாளம் காட்டும் தேர்வு நம் நோயாளிகளின் நோய்களிலிருந்து பிறக்க வேண்டும்.

எதிர்வாதங்களில் ஒன்று என்னை உண்மையிலேயே கவலைப்படுத்துகிறது. வேலை கிடைக்காத ஃபார்ம்.டி. பட்டதாரிகளின் தலையில் இன்னொரு தேர்வு, இன்னொரு கட்டணம், அதைச் சுற்றி முளைக்கும் பயிற்சி மையங்கள். கடைசியில் சுவரில் மாட்ட ஒரு காகிதம். பதவியோடும் ஊதியத்தோடும் இணையாத சான்று நிச்சயம் அப்படித்தான் முடியும். அதனால்தான் தேர்வைப் புதிய பட்டதாரிகளுக்குத் திறக்கக் கூடாது என்கிறேன். அந்தத் துறையில் ஏற்கெனவே சில ஆண்டுகள் வேலை செய்பவருக்கு மட்டுமே அது உரியது. பதிவுக்கோ முதல் வேலைக்கோ அதை நிபந்தனையாக்கக் கூடாது. கட்டணத்துக்கு உச்சவரம்பு விதியிலேயே இருக்க வேண்டும். பதவிகளை உருவாக்குவது கவுன்சிலின் கையில் இல்லை, ஒன்றிய, மாநில அரசுகளின் கையில் இருக்கிறது என்பது தெரியும். ஆனால் எந்தத் தகுதிக்குப் பதவி கேட்பது என்று சொல்ல முடியாதவரை நிதித்துறையிடம் கேட்கவும் முடியாது.

மருத்துவரின் அதிகாரத்தில் மருந்தாளுநர் தலையிடுகிறார் என்ற புகாரும் எழும். 366-இல் 362 என்ற எண்ணே அதற்குப் பதில்: பரிந்துரைப்பவர் மருந்தாளுநர், கையெழுத்து மருத்துவருடையது. மருந்துக் கடைகளிலேயே மருந்தாளுநர் இல்லாதபோது சிறப்புச் சான்று எதற்கு என்போரும் உண்டு. கடையில் ஆள் இல்லாதது சட்டத்தைச் செயல்படுத்துவதில் உள்ள குறை. மருந்து ஆய்வாளர்கள் தீர்க்க வேண்டியது. அது தீரும்வரை தீவிர சிகிச்சைப் பிரிவு காத்திருக்க வேண்டும் என்பதில் எந்த நியாயமும் இல்லை.

தேர்வை யார் நடத்துவது என்பதில்தான் உங்களுக்குச் சங்கடமான ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. கவுன்சில் நடத்தக் கூடாது. கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பே அக்கல்லூரிகளில் படித்தவர்களின் தேர்ச்சியையும் அளந்தால், கேள்வித்தாள் எவ்வளவு நேர்மையாக இருந்தாலும் மருத்துவர்கள் அதை நம்ப மாட்டார்கள். மருத்துவத் துறையில் சிறப்புத் தேர்வுகளை நடத்தும் தேசியத் தேர்வு வாரியம் மருத்துவக் கல்லூரிகளுக்கு அங்கீகாரம் தரும் அமைப்பிலிருந்து விலகி நிற்கிறது. உங்கள் 2022-இன் விதிகள் கொண்டுவந்த, மருந்தியல் பட்டயம் முடித்தவர்களுக்கான தகுதித் தேர்வும் அந்த வாரியத்திடம்தான் ஒப்படைக்கப்பட்டது. கட்டமைப்பு கையருகே இருக்கிறது. வினாக்களை வகுக்கும் குழுவில் அந்தந்தத் துறையில் நோயாளிகளைப் பார்க்கும் மருந்தாளுநர்கள் பெரும்பான்மையாக இருக்கட்டும். அத்துறை மருத்துவர் ஒருவராவது உடன் இருக்கட்டும். கல்லூரி உரிமையாளர்கள் யாரும் இருக்க வேண்டாம்.

முதலில் தொற்றுநோய், புற்றுநோய், தீவிர சிகிச்சை என்ற மூன்று துறைகள் போதும். வரைவு விதிகளை அரசிதழுக்கு அனுப்புமுன் பொதுமக்கள் கருத்துக்கு வெளியிடுங்கள். தமிழ், இந்தி உள்ளிட்ட இந்திய மொழிகளிலும் அதை வெளியிட்டால், கட்டிலில் படுத்திருப்பவரின் குடும்பமும் தன் கருத்தைச் சொல்ல வழி இருக்கும். பிற துறைகள் எவை என்பதைச் சங்கங்கள் மனு கொடுத்து நிரூபிக்கட்டும்.