பாலைவனத்து விளைச்சலும் பரதேசத்து உழைப்பும்

ஆண்டு முழுவதும் பெய்யும் மழையைச் சேர்த்து அளந்தாலும் ஏறக்குறைய 3 அங்குலமே தேறுகின்ற, கலிபோர்னியாவின் தென்கோடியிலுள்ள இம்பீரியல் பள்ளத்தாக்கு, பனிக்காலத்தில் அமெரிக்க தேசத்துக்கே கீரை வகைகளை அனுப்பும் விளைநிலமான சரித்திரத்தைச் சொல்லப் புகுவோர், கொலராடோ நதியையும், அதன் நீரைக் கொணரும் பெருங்கால்வாயையும் புகழ்ந்த அளவில் நின்றுவிடுகிறார்கள். அந்நதியில் ஆண்டுக்கு 31 லட்சம் ஏக்கர்-அடி நீர் பெறும் பாத்தியதை அவ்வூர்ப் பாசன நிர்வாகத்துக்கு உண்டு. அந்நீரைப் பயிராக்கிய அந்நிய தேசத்து ஜனங்களுக்கோ வெகுகாலம்வரை யாதொரு பாத்தியதையும் இருந்ததில்லை.

பஞ்சாபியரும் ஜப்பானியரும் தாம் திருத்திய மண்ணைச் சொந்தமாக வாங்கலாகாதென்று 1913-ஆம் வருஷத்து நிலச் சட்டம் தடுத்தது. தொழிலாளருக்குச் சங்க உரிமையை வழங்கிய 1935-ஆம் வருஷத்து மத்திய சட்டம், விவசாயக் கூலிகளை விலக்கி வைத்தது. 1942 முதல் 1964 வரை ‘பிரசேரோ’ ஒப்பந்தத்தின்கீழ் மெக்ஸிகோவிலிருந்து லட்சக்கணக்கானோர் தருவிக்கப்பட்டார்கள். தேவைப்பட்ட பருவத்தில் அழைப்பதும், அறுவடை தீர்ந்ததும் அனுப்புவதுமே அதன் சாரம்.

அவர்கள் கையில் கொடுக்கப்பட்ட குட்டைப்பிடிக் களைக்கொத்தை நினைக்கையில் என் நெஞ்சு பதைக்கிறது. நீண்ட பிடியுள்ள கருவி உலகில் இல்லாமற் போகவில்லை. குட்டைப்பிடி இருந்தால்தான் களையெடுப்பு துல்லியமாகும் என்று பண்ணையார்கள் வாதித்தார்கள். நாள் முழுவதும் குனிந்தே நின்ற மனிதர்களின் முதுகெலும்போ நிரந்தரமாகச் சிதைந்தது. 1975-இல்தான் கலிபோர்னியா அக்கருவியை விலக்கியது. விஞ்ஞானத்தின் துணைகொண்டு ஒரு மாபெரும் நதியைத் திசைதிருப்ப வல்ல சமூகத்துக்கு, ஒரு கருவியின் பிடியை நீட்டுவதற்கு அத்தனை காலம் பிடித்ததை மன்னிக்க என்னால் இயலவில்லை.

இன்றைக்கும் எல்லைக்கு அப்பால் மெக்ஸிகோவிலுள்ள மெக்ஸிகாலி நகரத்துத் தொழிலாளர், விடியலுக்கு வெகுமுன்பே எல்லைச் சாவடியில் வரிசையில் நிற்கிறார்கள். அந்தக் காத்திருப்புக்குக் கூலியில்லை. வெயிலில் உழைப்போருக்குக் குடிநீர், நிழல், இளைப்பாறும் அவகாசம் ஆகியவற்றைக் கட்டாயமாக்கி 2005-இல் கலிபோர்னியா விதி செய்தது மெய்யே. எனினும் நதியின் அக்கரையில், அதே பாலையில், அதே சூரியனின்கீழ் கிடக்கும் யூமா வயல்கள் அரிஜோனாவைச் சேர்ந்தவை. அங்கே இவ்விதி செல்லாது. நாடு முழுமைக்குமென 2024-இல் மத்திய சர்க்கார் வெளியிட்ட வெப்பப் பாதுகாப்பு வரைவை வலுக்குறையாமல் சட்டமாக்குவதும், எல்லையில் கழியும் நேரத்துக்கு ஊதியம் தருவதும் அத்தேசம் உடனே செய்யக்கூடிய காரியங்கள்.