இலவந்திகையும் மன்றமும்

அரசனும் அவன் உரிமைச் சுற்றமும் மட்டும் உலாவிய காவற் சோலையை எம் முன்னோர் இலவந்திகை என்றனர். ஊரார் யாவரும் கூடியிருந்த மரத்தடியை மன்றம் என்றனர். இரண்டும் மரநிழல்தான், ஆயினும் இரண்டையும் ஒரே பெயரால் அழைக்க அவர்கள் மனம் இசையவில்லை. தொடர்மாடிகளைச் செடிகொடிகளால் அணிசெய்வது நாகரிகமாகிவரும் இந்நாளில், இவ்வேறுபாட்டை நாம் எண்ணிப் பார்த்தல் நன்று.

இத்தாலியின் மிலான் நகரில் 2014ஆம் ஆண்டு நிறைவெய்திய 'பொஸ்கோ வேர்ட்டிகாலே' என்னும் இரட்டைத் தொடர்மாடியை உலகம் வியந்து பேசுகிறது. 'நிலைக்குத்துக் காடு' என்பது அப்பெயரின் பொருள். கட்டடக் கலைஞர் ஸ்ரெபானோ பொயேரி குழுவினர் வகுத்த அதன் மாடங்களில் ஏறத்தாழ 800 மரங்கள் நிற்கின்றன. இது வெறும் பூந்தொட்டி வேலையன்று. எத்திசை மாடத்துக்கு எவ்வளவு வெயில் என்று கணித்து மரவகைகளைத் தெரிந்தார்கள். நாற்றுப் பண்ணையில் முன்கூட்டியே வளர்த்துப் பழக்கினார்கள். செயற்கையாகப் பெருங்காற்றை வீசிச் சோதித்து, சாயாதவாறு வேர்மண்ணைப் பிணைத்தார்கள். இன்றும் தோட்டக்காரர் கூரையிலிருந்து கயிற்றில் இறங்கிக் கிளை நறுக்குகின்றனர். மாடத்து மரத்தை வெட்டவோ மாற்றவோ வீட்டுக்காரருக்கு உரிமையில்லை; பராமரிப்பு முழுவதும் பொது ஏற்பாடு. நட்ட அன்றே படம் பிடித்துவிட்டு மறந்துபோகும் மரநடுகை விழாக்களுக்கு இதில் நல்ல பாடம் உண்டு.

இவையெல்லாம் பாராட்டத் தக்கவை. ஆயினும், அக்கட்டடத்தின் வரலாற்றில் எம் நெஞ்சை உறுத்தும் பக்கம் ஒன்றும் உண்டு. அது எழுந்த 'இசோலா' பகுதி, உழைப்பாளரும் கைவினைஞரும் வாழ்ந்த பழைய பேட்டை. அங்கே ஊரார் பயன்படுத்திய சிறு பூங்காவும் கைவினைக் கூடமும் இருந்தன. அவற்றைக் காக்க அயலவர் போராடினர், பயன் விளையவில்லை. 2007இல் கூடம் இடிக்கப்பட்டது, பூங்காவும் போயிற்று. இரட்டை மாடிகளை அடுத்து, 9 ஹெக்டேயருக்கு மேற்பட்ட பரப்பில் 'மரங்களின் நூலகம்' என்னும் பொதுப் பூங்கா திறக்கப்பட்டது 2018 ஒக்டோபரிலேதான். நெதர்லாந்தைச் சேர்ந்த பெற்றா பிளேஸ் வகுத்த அப்பூங்காவுக்கு வேலி இல்லை. வட்ட வட்டமாக 22 மரத்தோப்புகள் உண்டு. அருமையான பூங்காதான். ஆனால் இடைப்பட்ட ஆண்டுகள் 11. பழைய பூங்காவில் ஐந்து வயதில் ஓடிய பிள்ளை, புதியதைக் காணும்போது பதினாறு வயதை எட்டியிருக்கும். கழிந்துபோன அந்தப் பிள்ளைப் பருவத்தை எந்தத் தோப்புத் திருப்பித் தரும்?

செல்வர் மாடத்தில் மரம் வளர்வதை நாம் வெறுக்கவில்லை. அதன் பசுமை வீதியிற் செல்வோன் கண்ணுக்கும் குளிர்ச்சி தருகிறது. ஆனால் கண்ணுக்குக் கிடைக்கும் பசுமை வேறு. தலைக்குக் கிடைக்கும் நிழல் வேறு. கொழும்பிலும் தொடர்மாடிகள் உயர்ந்து வருகின்றன. அவற்றின் வரைபடங்களில் பச்சை வண்ணம் தீட்டப்பட்டிருப்பதைக் காணும்போது மகிழலாம். மகிழ்வதோடு ஒன்றைக் கேட்கவும் வேண்டும். எவரும் அனுமதி கேளாது வந்து அமரக்கூடிய மரம் எங்கே? அது எப்போது நடப்படும்?

மன்றம் முதலில் அமையட்டும். இலவந்திகை பின்னர் எழட்டும்.