போத்தலின்மேல் ஓர் எண்

மதுவைப் பற்றித் தமிழில் எழுதப் புகுவோர் பெரும்பாலும் இரண்டு வழிகளுள் ஒன்றையே மேற்கொள்கின்றனர். ஒரு சாரார் திருக்குறளின் 93ஆம் அதிகாரத்தைத் துணைக்கொண்டு அதனைக் கடிந்து ஒதுக்குவர். மற்றொரு சாரார் சங்கப் புலவர் பாடிய நறவையும் தேறலையும் நினைந்து பழம்பெருமை பேசுவர். இவ்விரு சாராரும் கேளாத கேள்வி ஒன்று உண்டு. 'எவ்வளவு?' என்பதே அது. குடிப்பவன் உடலுக்குள் செல்லும் பொருளின் அளவு யாது என்பதை அறியாமல் செய்யும் கண்டனமும் புகழ்ச்சியும் ஒரு தன்மையனவே என்பது என் கருத்து.

நம் முன்னோர் இக்கேள்வியை அறவே அறியாதவர் அல்லர். அதியமானை இழந்து ஔவையார் பாடிய கையறுநிலைப் பாடலில் கள்ளின் சிறுமையும் பெருமையுமே நட்பின் அளவுகோலாக நிற்கின்றன. தெளிந்ததைத் தேறல் என்றும், இல்லத்தில் நெல்லால் சமைத்ததைத் தோப்பி என்றும் வகைபிரித்துச் சொல்லும் நுட்பமும் அவர்களிடம் இருந்தது. ஆயினும் அவை யாவும் புளிக்கவைத்த பானங்கள். அவற்றின் வன்மை ஓர் எல்லைக்கு மேல் செல்லாது. ஏனெனில் சாராயத்தின் அளவு கூடக்கூட, அதை ஆக்கும் நொதியே மடிந்துவிடும். வடித்தெடுக்கும் முறை பரவிய பின்னரே வன்மைக்கு எண் வேண்டியதாயிற்று. அந்த எண்ணுக்குத் தமிழில் இன்றுவரை நல்லதொரு பெயர் அமையவில்லை.

ஆங்கிலேயர் அதனைப் 'புரூஃப்' என்றனர். மெய்ப்பித்தல் என்பது அதன் பொருள். வெடிமருந்தை மதுவில் நனைத்துத் தீ வைத்துப் பார்த்து, அது பற்றிக்கொண்டால் மது மெய்யானது என்றும், பற்றாவிடின் நீர் மிகுந்தது என்றும் தீர்ப்பளித்த பழைய வழக்கத்திலிருந்து இச்சொல் தோன்றியதாகக் கூறுவர். 1816இல் பிரித்தானியச் சட்டம் சைக்ஸ் என்பாரின் திரவமானியைக் கருவியாக ஏற்றது. அந்தக் கணக்கில் 100 பாகை என்பது ஏறத்தாழ 57.1 சதவீதச் சாராயம். இந்தியப் போத்தல்கள் பலவற்றில் காணும் 42.8 சதவீதம் என்ற விந்தையான எண்ணுக்கும் இதுவே மூலம். 57.1இன் முக்காற்பங்கு அது. '75 பாகை' என்று பழைய முறையில் அதனையே எழுதுவர். அமெரிக்கரோ இந்தச் சிக்கலை விடுத்துச் சதவீதத்தை இரண்டால் பெருக்கிப் புரூஃப் என்றனர். எனவே, இலண்டன் நகரத்து 100உம் அமெரிக்காவின் 100உம் ஒன்றல்ல. பின்னது வெறும் 50 சதவீதமே. பிரித்தானியர் 1980இல் பழைய பாகையைக் கைவிட்டுச் சதவீதத்துக்கு மாறினர்.

இவற்றை நான் ஆராயப் புகுந்ததற்கு ஒரு நண்பர் காரணமாயினர். பேராதனையில் என்னோடு பயின்று, பின்னர் அமெரிக்காவில் குடியேறிய அவர், விடுமுறைக்கு வந்தபோது 'ஓல்ட் கிராண்ட்டாட்' என்னும் பேர்பன் விஸ்கியின் மூன்று போத்தல்களைக் கொண்டுவந்தார். ஒன்று 80 புரூஃப், மற்றொன்று 100, மூன்றாவது 114. பேர்பன் என்று பெயரிடுவதற்கு அமெரிக்கச் சட்டம் சில நிபந்தனைகளை விதிக்கிறது. தானியக் கலவையில் 51 சதவீதமேனும் சோளமாக இருத்தல் வேண்டும். உட்புறம் கரியாகச் சுட்ட புதிய ஓக் மரப்பீப்பாயில் வைத்தல் வேண்டும். 80 புரூஃபுக்குக் குறையாமல் போத்தலில் அடைத்தல் வேண்டும். இந்த வகையில் 'ரை' என்னும் குளிர்நாட்டுத் தானியம் 27 சதவீத அளவு சேர்வதாகச் சொல்வர். மற்றைய பேர்பன்களில் அது பெரும்பாலும் அதனிலும் குறைவே. மிளகையும் கறுவாவையும் நினைவூட்டும் உறைப்பு அதனால் வருவது. அந்நாட்டில் எளிய விலைக்குக் கிடைப்பது. நம் நாட்டில் சுங்க வரி ஏறியபின் ஆசிரியர் சம்பளத்துக்கு எட்டாதது.

மூன்றையும் நாங்கள் ஒரே இரவில் சிறிது சிறிதாகச் சுவைத்து ஒப்புநோக்கினோம். 80 புரூஃப் மென்மையாகவும் இனிப்பாகவும் இருந்தது. ஆயினும் உறைப்பு தொலைவில் நின்று தலைகாட்டி மறைந்தது. 100 புரூஃபில் அவ்வுறைப்பு முன்வந்து அமர்ந்தது. இனிப்பும் அதற்கு இடங்கொடுத்தது. இந்த 100 என்பது 1897ஆம் ஆண்டுச் சட்டமொன்றின் வழி வந்தது. ஒரே வடிசாலையில், ஒரே பருவத்தில் வடித்து, அரசின் கண்காணிப்பிலுள்ள களஞ்சியத்தில் நான்கு ஆண்டுகளேனும் வைத்து, 50 சதவீதத்தில் அடைத்ததற்கே அந்த முத்திரை கிட்டும். கலப்படக்காரரிடமிருந்து குடிப்பவரைக் காக்க எழுந்த சட்டம் அது. 114 முதல் மிடறிலே நாவைச் சுட்டது. ஒரு தேக்கரண்டி நீர் விட்டபின் மணம் விரிந்தது. 57 சதவீதம் என்பது பழைய வெடிமருந்துச் சோதனையின் எல்லை என்பதை அப்போது எண்ணிப் பார்த்தேன்.

நீர் விட்டால் மணம் விரிவது வெறும் மயக்கமன்று. 2017இல் சுவீடன் நாட்டு ஆய்வாளர் இருவர் இதற்குக் கணினிவழி விளக்கம் ஒன்றைத் தந்தனர். விஸ்கிக்குப் புகைமணம் தரும் குவாயகோல் என்னும் பொருள், 45 சதவீதத்துக்குக் கீழ்ப்பட்ட கலவையில் மேற்பரப்பை நாடி நிற்கிறதாம். 59 சதவீதத்துக்கு மேலே சாராயம் அதனைச் சூழ்ந்து உள்ளே அடக்கிவிடுகிறதாம். ஆகவே நீர் என்பது மதுவைக் கெடுக்கும் பொருள் என்ற எண்ணம் முற்றும் சரியன்று. எங்கே, எவ்வளவு, யார் கையால் சேர்க்கப்படுகிறது என்பதே வினா. 80 புரூஃபில் அந்த நீரை ஆலையே விட்டுவிடுகிறது. 114இல் அவ்வுரிமையைக் குடிப்பவனிடம் விடுகிறது. எனது தீர்ப்பைக் கேட்பின், நடுவிலுள்ள 100 புரூஃபே சிறந்தது என்பேன். தன் இயல்பை மறைக்கவும் இல்லை. அதைக்கொண்டு அச்சுறுத்தவும் இல்லை.

இனிச் சுவையை விடுத்துக் கணக்கைப் பார்ப்போம். 750 மில்லிலீற்றர் கொண்ட 80 புரூஃப் போத்தலில் 300 மில்லிலீற்றர் தூய சாராயம் உண்டு. 100 புரூஃபில் அது 375. 114 புரூஃபில் ஏறத்தாழ 427. மூன்றும் 'ஒரு போத்தல்' தான். ஆயினும் மூன்றாவது போத்தலுடன் முந்நூறு மில்லிலீற்றருக்கு மேல் நீர் சேர்த்த பின்னரே அது முதலாவதன் வன்மைக்கு இறங்கும். பத்துக் கிராம் சாராயத்தை ஓர் அலகாகக் கொண்டால், முதலாவதில் ஏறத்தாழ 24 அலகுகள், மூன்றாவதில் 34. 'ஒரு போத்தல் குடித்தான்', 'இரண்டு கிளாஸ் எடுத்தான்' என்று நாம் பேசும் பேச்சில் இந்தப் பத்து அலகுகள் காணாமற் போய்விடுகின்றன.

இந்தக் கணக்கு கண்டிக்கு எதற்கு என்று அன்பர்கள் கேட்கலாம். கண்டியைச் சூழ்ந்த கிராமங்களில் கித்துள் பூங்குலையைச் சீவிக் கள்ளும் பாணியும் இறக்குவது பழந்தொழில். கரையோரத் தென்னஞ்சாராயம் ஆங்கிலேயர் ஆட்சியில் கோப்பித் தோட்டங்களோடு சேர்ந்து இம்மலைகளில் பெருகிற்று. சாராயக் குத்தகை அரசுக்கு வருவாய் ஆயிற்று. குத்தகைக்காரர் சிலருக்கு அது பெருஞ்செல்வமாகி, அவர்தம் வழித்தோன்றல்களை நாட்டின் மேட்டுக்குடியாக உயர்த்திற்று. இதனைக் குமாரி ஜயவர்த்தன தம் ஆய்வு நூலில் விரிவாகக் காட்டியுள்ளார். 1904இலும் 1912இலும் எழுந்த மதுவிலக்கு இயக்கங்கள் இந்நாட்டு அரசியல் விழிப்புக்கே வித்திட்டன. இத்துணை வரலாறு உடைய ஒரு பொருளைப் பற்றி, அதன் வன்மையை அளந்து பேசும் ஒரு பத்தியேனும் நம் எழுத்தில் உண்டா? 

வெளிநாட்டு மதுவின் மூன்று பாகைகளை நாங்கள் ஒப்பிட்டதை இரசனை என்பர். அதே ஒப்பீட்டைத் தவறணை வாயிலில் நிற்கும் தோட்டத் தொழிலாளி நாள்தோறும் செய்கிறார். எந்தச் சாராயம் என்ன விலை, எதில் வன்மை கூட, கையிலுள்ள காசுக்கு எது கட்டுப்படியாகும் என்று அவர் போடும் மனக்கணக்கு எங்கள் கணக்கிலும் கூர்மையானது. அதனை மட்டும் குடிவெறி என்று பெயரிட்டு முகஞ்சுளிக்கிறோம். ஓக் பீப்பாயின் மணத்தைப் பற்றிப் பேசுவோர், தென்னஞ்சாராயத்தை முதிரவைக்கும் ஹல்மில்ல மரத்தொட்டியைப் பற்றி ஒரு சொல்லும் பேசுவதில்லை. காலையில் இறக்கிய கள் மாலைக்குள் தானே புளித்து வடிகலத்துக்குச் செல்லும் விந்தையையும் அவர்கள் கவனிப்பதில்லை. குற்றமெனின் இரண்டும் குற்றம். இரசனையெனின் இரண்டும் இரசனை. சம்பளத்தின் அளவைக் கொண்டு ஒழுக்கத்தை அளப்பது அறிவுடையோர்க்கு அழகன்று.

இவ்விரண்டினும் வேறான மூன்றாவது ஒன்று உண்டு. அதுதான் கசிப்பு. விலையேற்றம் வரும்போதும், போயா தினத்தில் கடைகள் மூடப்படும்போதும் அதை நாடிச் செல்வோர் உளர். அந்தப் போத்தலில் எண் எதுவும் இல்லை. அதில் உள்ளது எவ்வளவு, உள்ளது எது என்பதை வடித்தவனும் அறியான்; குடிப்பவனும் அறியான். எண் இல்லாத போத்தலைப் போல் கொடியது வேறில்லை. ஏழை எளியவரை அதை நோக்கித் தள்ளும் எந்த வரிக்கொள்கையும், எந்தத் தடையும், தன் நோக்கத்துக்கே எதிராகச் செயற்படுவதாகும்.

நான் மதுவுக்கு வழக்குரைஞனாக வரவில்லை. சாராயம் புற்றுநோய்க்குக் காரணமாவது என்பதை உலக சுகாதார நிறுவனத்தின் புற்றுநோய் ஆய்வு நிலையம் 1988இலேயே அறிவித்துவிட்டது. தீங்கற்ற அளவு என்று ஒன்று இல்லை என்று அந்நிறுவனம் 2023இல் தெளிவாக உரைத்தது. நான் சுவைத்த 100 புரூஃபுக்கும் இது பொருந்தும். தீங்கு அளவோடு வளர்வது என்றால், அளவை அறிவதே முதற்படி அல்லவா?

ஆகையால் என் வேண்டுகோள் இரண்டு. போத்தலில் சதவீதத்தை மட்டும் சிறிய எழுத்தில் அச்சிட்டு அமையாமல், உள்ளே இருக்கும் தூய சாராயம் இத்தனை மில்லிலீற்றர், இத்தனை அலகு என்று தமிழிலும் சிங்களத்திலும் கண்ணுக்குத் தெரியுமாறு பொறிக்க மதுவரித் திணைக்களம் ஆவன செய்தல் வேண்டும். சதவீதம் அறிந்தவனுக்கே சதவீதம் பயன்படும். மில்லிலீற்றரோ மருந்துப் போத்தல் பார்த்த எவருக்கும் விளங்கும். இரண்டாவதாக, மேல்வகுப்பு மாணவர்க்கு இக்கணக்கைப் பள்ளியில் கற்பித்தல் வேண்டும். பிள்ளைகளுக்கு மதுவை அறிமுகம் செய்வதா என்று சினக்கும் ஆசிரிய நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். குடிக்கும் தந்தையின் வீட்டிலிருந்து வரும் பிள்ளைக்கு நாம் அறிமுகம் செய்ய எதுவும் இல்லை. அவனுக்கு இல்லாதது அந்தப் போத்தலைத் திருப்பிப் பார்த்து, அதில் தன் தந்தையின் உடலுக்குள் செல்வது எவ்வளவு, வீட்டு வருவாயில் அதற்காகப் போவது எவ்வளவு என்று சொல்லும் திறமைதான். அறிவுரையைத் தட்டிக்கழிக்கும் தந்தையும் மகன் போட்ட கணக்கை அவ்வளவு எளிதில் தட்டிக்கழிக்க மாட்டார்.

பாலில் எத்தனை பங்கு நீர் கலந்தது என்று கண்டுபிடிக்கும் கணக்கைத் தலைமுறை தலைமுறையாக நம் பள்ளிகளில் கற்பித்து வந்திருக்கிறோம். பால்காரரை நம்பாத நாம், அந்தக் கணக்கின் முறையை ஒரு வரியும் மாற்றாமல், பாலுக்குப் பதிலாகச் சாராயம் என்று ஒரு சொல்லை மட்டும் மாற்றிக் கற்பித்தால் போதும்.