வேரின் வயதைக் கேளுங்கள்

தொங்காட் அலி மாத்திரைப் புட்டியைக் கையில் எடுத்துப் பாருங்கள். காலாவதி தேதி இருக்கும். முறையாகப் பதிவான மருந்து என்றால் ‘மால்’ என்று தொடங்கும் எண்ணும் இருக்கும். ஆனால் அந்த வேர் எந்த மண்ணில், எத்தனை ஆண்டு வளர்ந்தது என்ற விவரம் பெரும்பாலும் இருக்காது. அதையும் அச்சிட வேண்டும் என்பதே என் கருத்து.

ஒரே இனத்து மரங்களானாலும் வேர்கள் ஒன்றுபோல் இருப்பதில்லை. மணற்பாங்கான, இளகிய மண்ணில் ஆணிவேர் நேராகக் கீழே இறங்கும். கல் தடுத்தால் கிளைத்துவிடும். நீர் தேங்கும் நிலத்தில் காற்றோட்டமின்றி அழுகும். நாற்றை நெகிழிப் பையில் அதிக நாள் விட்டுவைத்தால், வேர் அடியில் முட்டிச் சுருண்டுகொள்ளும். நட்ட பிறகும் அந்தக் கோணல் மாறாது. உருவம் மட்டுமல்ல, கசப்புத் தன்மை கொண்ட யூரிகோமனோன் போன்ற வேதிப்பொருள்களின் அளவும் இடத்துக்கு இடம், வயதுக்கு வயது வேறுபடுகிறது.

இதில் மனிதனின் பங்கும் உண்டு. வேருக்காகப் பிடுங்கினால் மரமே செத்துவிடும். காட்டில் தேடுவோர் கண்ணில் முதலில் படுவது பருத்த மரம். விதை தரக்கூடிய மூத்த மரங்கள் இப்படிப் போய்விட்டால், எஞ்சுவது இளசுகள்தாம். கடையில் பெயர் அதேதான்; உள்ளே இருக்கும் வேர் வேறு.

அமெரிக்க ஜின்செங்கைப் பாருங்கள். ஆண்டுதோறும் உதிரும் தண்டு, வேரின் கழுத்தில் ஒரு தழும்பை விட்டுச் செல்கிறது. அதை எண்ணினால் வயது தெரியும். ஐந்து வயது நிரம்பாத காட்டு ஜின்செங்கை ஏற்றுமதி செய்ய அமெரிக்கா அனுமதிப்பதில்லை. தொங்காட் அலியோ நம் கைக்குப் பெரும்பாலும் பொடியாகவே வருகிறது. பொடியில் எந்தத் தழும்பை எண்ணுவது? அதனால்தான் லேபிள் பேச வேண்டும் என்கிறேன்.

சிறு வியாபாரிகளுக்கு இது சுமை என்பார்கள். தோட்டத்தில் பயிரிட்டவருக்கு நட்ட ஆண்டு தெரியும். எழுதுவதில் சிரமம் என்ன? எழுத முடியாதவர், எங்கிருந்து வந்தது என்று கேட்காமலேயே வேரை வாங்கியவர்தான்.

அடுத்த முறை வாங்கும்போது கடைக்காரரிடம் இரண்டே கேள்விகள் கேளுங்கள்: எங்கே வளர்ந்தது? எத்தனை ஆண்டு? அவருக்கு விடை தெரியாமல் போகலாம். ஆனால் பத்துப் பேர் கேட்டால், அவர் தமக்குச் சரக்கு தருபவரிடம் கேட்பார்.