ஊசி யாரைக் குத்தினால் அது விபத்து?

பல்கலைக்கழக ஆய்வகத்தில் இரத்த மாதிரிகளோடும் நுண்ணுயிர்களோடும் வேலை செய்யும் நமக்குக் கையுறை உண்டு, வெள்ளைக் கோட்டு உண்டு, பயிற்சி வகுப்பும் உண்டு. மாலையில் அந்தக் குப்பைப் பையைக் கட்டித் தூக்குகிறவர் ஒப்பந்தத் தூய்மைப் பணியாளர். பெரும்பாலும் அவர் எந்தச் சமூகத்திலிருந்து வருகிறார் என்பதை இந்தத் தளத்தின் வாசகர்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

பைக்குள் கிடந்த ஊசி அவர் கையில் குத்துகிறது. அடுத்து என்ன செய்ய வேண்டும்? காயத்தைப் பிதுக்கக் கூடாது, வாயில் வைக்கக் கூடாது. சோப்புப் போட்டு, ஓடும் தண்ணீரில் கழுவிவிட்டு உடனே மருத்துவரிடம் போக வேண்டும். எச்.ஐ.வி. தடுப்பு மருந்து தேவை என்றால் முடிந்தவரை 2 மணி நேரத்துக்குள், தவறினால் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி, 28 நாள் சாப்பிட வேண்டும். எச்.ஐ.வி. உள்ள இரத்தம் பட்ட ஊசியால் தொற்று வரும் வாய்ப்பு சுமார் 1000-க்கு 3. ஹெபடைடிஸ் பி என்றால், தடுப்பூசி போடாதவருக்கு அது 100-க்கு 6 முதல் 30 வரை. மூன்று தவணைத் தடுப்பூசியால் தவிர்க்கக்கூடிய ஆபத்து இது.

மருத்துவர் முதலில் கேட்பார்: யாருடைய இரத்தம், என்ன கிருமி? பதில் ஆய்வாளரிடம் இருக்கிறது. காயம் தொழிலாளியிடம் இருக்கிறது. எச்சரிக்கைப் பலகையோ ஆங்கிலத்தில் இருக்கிறது. அறிவை ஒருவருக்கும் ஆபத்தை இன்னொருவருக்கும் பிரித்துக் கொடுப்பது சாதி காலங்காலமாகச் செய்துவரும் வேலை. ஆய்வகமும் அதையே செய்கிறது.

'அவர் கான்டிராக்டர் ஆள்' என்று நிர்வாகம் கைகழுவ முடியாது. 2016-ஆம் ஆண்டின் உயிரி மருத்துவக் கழிவு மேலாண்மை விதிகள் ஆய்வு, கல்வி நிறுவனங்களுக்கும் பொருந்தும். இந்தக் கழிவைக் கையாளும் எல்லோருக்கும் பயிற்சி, ஹெபடைடிஸ் பி, டெட்டனஸ் தடுப்பூசி, ஆண்டுக்கு ஒரு முறையாவது உடல் பரிசோதனை ஆகியவற்றைத் தருவது நிறுவனத்தின் கடமை. நுண்ணுயிர்க் கழிவை வெளியே அனுப்பும் முன் அங்கேயே கிருமி நீக்கம் செய்ய வேண்டும். விபத்துகளைப் பதிவு செய்ய வேண்டும்.

ஆய்வு மாணவர்களுக்கும் இதில் பங்கு உண்டு. ஊசியைச் சாதாரணக் குப்பைத் தொட்டியில் போடாமல் துளைபடாத வெள்ளை டப்பாவில் போடுவது நம் வேலை. பையில் என்ன இருக்கிறது என்று தமிழில் எழுதி ஒட்டுவதும், அவசரத்தில் அழைக்க வேண்டிய எண்ணைக் கழிவறைச் சுவர்வரை ஒட்டுவதும் நம் வேலை. காயம்பட்டவருக்கு அன்றைய கூலி பிடிக்கப்படக் கூடாது என்று கேட்க வேண்டும். கூலி போகும் என்று தெரிந்தால் யார் வந்து சொல்வார்கள்?

உங்கள் துறையின் விபத்துப் பதிவேட்டைக் கேட்டுப் பாருங்கள். அதில் ஒரு தூய்மைப் பணியாளரின் பெயராவது இருக்கிறதா? இல்லையென்றால், அவர்களுக்கு ஊசியே குத்தவில்லை என்று நம்பப் போகிறோமா?