மகான்கள் உட்கார்ந்த சபையா?

திருவண்ணாமலைத் தேரடிப் பக்கம் நான் டீ குடிக்கும் கடையில் பேப்பர் ஒன்றுதான். அதைத் தாள் தாளாகப் பிரித்து நாலு பேர் படிப்பார்கள். நாடாளுமன்றம் அமளியால் ஒத்திவைப்பு என்ற செய்தி யார் கைத் தாளில் இருந்தாலும் அவர் சொல்லும் வசனம் மட்டும் மாறாது. "அந்தக் காலத்துல யார் யாரெல்லாம் போனாங்க சார்! அத்தனை பேரும் படிச்சவங்க. சாதி கிடையாது, காசு கிடையாது. மகான்கள் உட்கார்ந்த சபை சார் அது." டீ ஆற்றிக்கொண்டே மாஸ்டரும் தலையாட்டுவார். நானும் பல வருஷம் ஆட்டியவன்தான்.

இப்போது ஆட்டுவதில்லை. அந்த வசனத்தில் இருக்கிற மூன்று சங்கதியும் தப்பு.

படிப்பிலிருந்து தொடங்குவோம். 1952-ல் கூடிய முதல் மக்களவையில் பட்டதாரிகள் 58 சதவீதம். பள்ளிப் படிப்பையே முடிக்காதவர்கள் 23 சதவீதம், அதாவது கிட்டத்தட்ட நாலில் ஒருவர். 2009-ல் அமைந்த மக்களவையில் பட்டதாரிகள் 79 சதவீதமாக ஏறிவிட்டார்கள். பள்ளியை முடிக்காதவர்கள் வெறும் 3 சதவீதம். படித்தவன் போனால் சபை உருப்படும் என்றால் அந்தச் சபை சொர்க்கமாக இருந்திருக்க வேண்டும். 2014 பிப்ரவரியில் உறுப்பினர் ஒருவர் மிளகு ஸ்பிரே அடித்து மற்றவர்களைக் கண்ணைக் கசக்கிக்கொண்டு ஓட வைத்தது அந்தச் சபையில்தான்.

முதல் சபையில் பள்ளிப் படிப்பை முடிக்காதவர்களில் ஒருவர் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்து போனார். பெயர் காமராஜர். 1954-ல் முதலமைச்சரானதும் எம்.பி. பதவியை விட்டுவிட்டு, நம் பழைய வட ஆற்காடு மாவட்டத்துக் குடியாத்தத்தில் இடைத்தேர்தலில் நின்று சட்டமன்றத்துக்கு வந்தார். டீக்கடையில் இதைச் சொன்னால், "அவர் கதையே வேற சார்" என்பார்கள். ஒவ்வொருத்தராக எடுத்துச் சொன்னால் ஒவ்வொருவர் கதையும் வேறுதான். ஆனால் வசனம் அப்படியே நிற்கும்.

அடுத்தது சாதி. இதை வேறு ஊர்க்காரர் சொன்னால் மன்னித்துவிடலாம், நம் ஊர்க்காரர் சொல்லலாமா? முதல் பொதுத் தேர்தலில் வன்னியர் சங்கத்திலிருந்து கிளைத்த இரண்டு கட்சிகள் வட தமிழ்நாட்டில் களத்தில் இருந்தன. எஸ்.எஸ். ராமசாமி படையாட்சியாரின் உழைப்பாளர் கட்சி ஒன்று, எம்.ஏ. மாணிக்கவேலு நாயக்கரின் காமன்வீல் கட்சி இன்னொன்று. உழைப்பாளர் கட்சி நாலு பேரையும் காமன்வீல் மூன்று பேரையும் டில்லிக்கு அனுப்பின. பக்கத்து வந்தவாசித் தொகுதியே காமன்வீல் கையில்தான் இருந்தது. இதைக் குற்றமாக நான் சொல்லவில்லை. எண்ணிக்கையில் பெரிய சமூகம், பெரிய கட்சியில் தனக்கு இடமில்லை என்று கண்டது, தனிக்கடை போட்டது. 'சாதியே கிடையாது' என்று சொல்லப்படும் அந்தக் காலத்தில் இருந்ததெல்லாம், சில சாதிகள் சாதிப் பெயரைச் சொல்லாமலே உள்ளே போக முடிந்த நிலைமைதான். சொல்லித்தான் போக முடிந்தவர்கள் மேல் மட்டும் 'சாதிக்கட்சி' என்ற முத்திரை விழுந்தது.

கட்சி மாறுவது, ஆதரவை மந்திரி பதவிக்கு மாற்றிக்கொள்வது என்று இன்று காறித் துப்புகிறோமே, அதுவும் அப்போதே உண்டு. 1952-ல் சென்னை மாகாணத்தின் 375 சட்டமன்ற இடங்களில் காங்கிரசுக்குக் கிடைத்தது 152. அறுதிப் பெரும்பான்மை இல்லை. தேர்தலிலேயே நிற்காத ராஜாஜியை ஆளுநர் மேலவைக்கு நியமித்தார், அவர் முதலமைச்சரானார். காமன்வீல் ஆதரவு கொடுத்தது; மாணிக்கவேலு மந்திரியானார். படையாட்சியார் 1954-ல் காமராஜர் மந்திரிசபையில் சேர்ந்தார். இரண்டு கட்சிகளும் காங்கிரசில் கரைந்தன.

காசு விஷயம்தான் எனக்குப் பிடித்தது. முதல் தேர்தலுக்கு முன்பே, தற்காலிக நாடாளுமன்றம் நடந்துகொண்டிருந்த 1951-லேயே, எச்.ஜி. முட்கல் என்ற உறுப்பினர் பம்பாய்த் தங்கம் வெள்ளி வியாபாரிகள் சங்கத்திடம் பணம் வாங்கிக்கொண்டு சபையில் அவர்களுக்காக வேலை பார்த்தார். நேருவே தீர்மானம் கொண்டுவந்து விசாரணைக் குழு போட வைத்தார். குழுத் தலைவர் நம் டி.டி. கிருஷ்ணமாச்சாரி. குற்றம் நிரூபணமானது, வெளியேற்றும் தீர்மானம் நிறைவேறுவதற்குள் முட்கல் ராஜினாமா கடிதத்தைக் கொடுத்துவிட்டார். 2005-ல் கேள்வி கேட்கப் பணம் வாங்கிய 11 பேரை நாடாளுமன்றம் நீக்கியபோது இது புதுநோய் என்று எல்லோரும் அலறினார்கள். அரை நூற்றாண்டுக்கும் மேலான பழைய நோய். முட்கலை விசாரித்த அதே டி.டி.கே., ஆயுள் காப்பீட்டுக் கழகப் பணம் முந்த்ரா என்ற தொழிலதிபரின் கம்பெனிகளில் போடப்பட்ட விவகாரத்தில் 1958-ல் நிதியமைச்சர் பதவியை விட்டு இறங்கினார். விவகாரத்தைச் சபையில் கிளப்பியவர் பிரதமரின் மருமகன் பெரோஸ் காந்தி. இந்தத் துணிச்சலுக்காக அந்தச் சபையைப் புகழுங்கள், நானும் கூட வருகிறேன். தப்பே நடக்கவில்லை என்று மட்டும் சொல்லாதீர்கள்.

பழைய சபையை மகான்கள் சபையாக்கும் இந்த வியாதி நமக்கு மட்டும் அல்ல. அமெரிக்காவின் முதல் காங்கிரஸ் 1789 மார்ச் 4 அன்று கூட வேண்டும். போதிய ஆள் வராமல் கீழ்ச்சபை ஏப்ரல் 1-க்கும் செனட் ஏப்ரல் 6-க்கும்தான் கூட முடிந்தது. பிறகு, அதிபரை எப்படி விளிப்பது என்று செனட்டில் வாரக்கணக்கில் வாதம். அந்தச் சபையில் ஒரு பெண் கிடையாது, ஒரு கறுப்பர் கிடையாது. அங்கேயும் அவர்களை மகான்கள் என்றே சொல்கிறார்கள்.

பெண்கள் என்றதும் என் பாட்டி ஞாபகம் வருகிறது. தாத்தா பெயர் அண்ணாமலை. பாட்டி வாயால் அந்தப் பெயர் வராது. யாராவது கேட்டால் திண்ணையிலிருந்தபடியே மலைப் பக்கம் கையைக் காட்டுவாள், "அந்தச் சாமி பேரு". இங்கே புருஷன் பெயர் வரவில்லை. வடக்கே தன் பெயரே வரவில்லை. இன்னாருடைய மனைவி, இன்னாருடைய அம்மா என்றே பதிந்துகொண்ட 28 லட்சம் பெண்களின் பெயர்கள் முதல் தேர்தலின் வாக்காளர் பட்டியலிலிருந்து நீக்கப்பட்டன. தேர்தல் ஆணையர் சுகுமார் சென்னின் கண்டிப்பு அது. அடுத்த தேர்தலுக்குள் சொந்தப் பெயரைச் சொல்ல வைக்க அதுதான் வழி என்று நினைத்தார். அப்படி அமைந்த மகான்கள் சபையில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடப் பெண்கள் இல்லை. திருவள்ளூரிலிருந்து மரகதம் சந்திரசேகரும் திண்டுக்கல்லிலிருந்து அம்மு சுவாமிநாதனும் போனதைப் பெருமையாகச் சொல்லலாம். நம் திருவண்ணாமலைத் தொகுதி ஒரு பெண்ணை, ஆர். வனரோஜாவை, டில்லிக்கு அனுப்ப 2014 வரை ஆனது. இந்த விஷயத்தில் பழைய காலத்தை நினைத்து நான் ஏன் பெருமூச்சு விட வேண்டும்?

அன்றைக்கு மேலாக இருந்தது ஒன்றுதான்: சபை நடந்தது. முதல் மக்களவை ஐந்து வருஷத்தில் 677 நாள் உட்கார்ந்தது. 2019-ல் அமைந்த மக்களவை உட்கார்ந்தது 274 நாள். உட்கார்ந்தவர் குணத்தை அளந்துகொண்டிருக்கிற நாம், உட்கார்ந்த நாளை எண்ணுவதில்லை. குணக்கேடு என்று சொல்லிவிட்டால் யாரும் எதுவும் செய்ய வேண்டியதில்லை, கலிகாலம் என்று டீயைக் குடித்துவிட்டுப் போகலாம். நாள் கணக்கைக் கேட்டால் யாராவது ஒருத்தர் பதில் சொல்லியாக வேண்டும்.

1957-ல் தி.மு.க. முதன்முதலாக மக்களவைக்கு இரண்டு பேரை அனுப்பியது. நாமக்கல்லிலிருந்து ஈ.வி.கே. சம்பத், நம் திருவண்ணாமலையிலிருந்து ஆர். தருமலிங்கம். 'யார் யாரெல்லாம் போனாங்க' என்று உருகும் நம் டீக்கடையில் அந்தத் தருமலிங்கம் பெயரைக் கேட்டுப் பாருங்கள். நான் கேட்டேன். ஒருவருக்கும் தெரியவில்லை.

போன வாரம் இந்த முட்கல் கதையைக் கடையில் சொன்னேன். பேப்பர் வைத்திருந்த பெரியவர் முழுசாகக் கேட்டார். தாளை மடித்தார்.

"அந்த ஆளு எந்தக் கட்சி சார்?"

"காங்கிரஸ்."

"அப்படிச் சொல்லுங்க" என்றார். திருப்தியாக இன்னொரு டீ சொன்னார்.